முதல் மூன்று நாளியல்

நண்பரோடு கடல் கடந்து ஒரு நகரம் பார்க்கப் போதல் என்பது தனித் திணை. அகம் என்றால், ஐந்து பேருக்கு ஒரே குளியலறை இருக்கும் இடத்தில் அகம் விளையாது. புறம் என்றால், போர் உண்டுதான். ஆனால் அது குளிரூட்டியை எத்தனையில் வைப்பது என்பதைப் பற்றிய போர். ஆகவே இதைப் புதிதாக ஒரு திணையென்றே கொண்டு, அதன் முதல் மூன்று நாளுக்கு மட்டும் இலக்கணம் வகுக்கிறேன். நாலாம் நாளிலிருந்து எல்லாப் பயணமும் ஒன்றுதான்: கால்வலி, அழுக்குத் துணி, ஊருக்கு என்ன வாங்குவது என்ற கவலை. அதற்கு நூல் வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு, இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து சென்னைக்குப் போன நாங்கள் ஐவர். ஒருவருக்கு வங்கியில் வேலை, ஒருவருக்குப் போன் கடை, ஒருவருக்குச் சொந்த வேன், ஒருவர் பிரதேச சபையில், நான் பள்ளிக்கூடத்தில். ஐவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஐவரில் ஒருவரும் கொழுந்து பறிப்பதில்லை. இந்தச் செய்தி பின்னால் வேண்டியிருக்கும். பெயர்களைச் சொல்லமாட்டேன். சொன்னால் நூல் நிற்கும், நட்பு நிற்காது.

பாயிரம் இல்லாதது பனுவல் அன்று என்பார்கள். பயணத்துக்குப் பாயிரம் விசாப் படிவம். அதிலும் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டு உண்டு. பெயர், பிறந்த தேதி, உடம்பில் தெரியும் அடையாளம் ஆகியவை பொது. (அடையாளத்துக்கு ஐவரும் மச்சம் தேடினோம், வேன்காரருக்குக் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு முன்னமே இருந்தது.) சிறப்புப்பாயிரம் தகப்பன் தாயைப் பற்றியது. அவர்கள் எங்கே பிறந்தார்கள், இப்போது எந்த நாட்டவர், அதற்கு முன் எந்த நாட்டவர் என்று கேட்கும்.

அந்த "அதற்கு முன்" என்ற இடத்தில் அட்டன் டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் அரைமணி நேரம் நின்றுவிட்டோம். வேன்காரரின் அப்பா டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு நாடு இல்லை என்றது. 1964 அக்டோபரில் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எங்களைப் பங்கு வைத்தார்கள். அப்பா பிறகுதான் இலங்கைப் பிரசையானார். அதற்கு முன்? "இலங்கை என்று போடு" என்றார் வங்கி. "அப்ப அவரு இலங்கை இல்லையே மச்சான், இந்தியான்னு போடு" என்றார் பிரதேச சபை. "இந்தியாவும் இல்லையே" என்றேன் நான், வரலாறு படிப்பிப்பவன் என்ற முறையில். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த தங்கச்சி எங்களைத் திரும்பியும் பார்க்காமல் இலங்கை என்று அடித்துவிட்டு, "எல்லாரும் அப்பிடித்தான் அண்ணே போடுறது" என்றாள். பாட்டன் பாட்டி பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்று அடுத்த கேள்வி. இல்லை, துறையூர்ப் பக்கம்.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படும். பொழுதில் சிக்கல் இல்லை. 1996இலிருந்து பத்து வருஷம் இலங்கை தன் கடிகாரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தது. அதனால் சென்னையில் இறங்குபவன் நேர மாற்றத்தைச் சாட்டிப் படுத்துக்கிடக்க முடியாது. நிலம் சிக்கல். அட்டனிலிருந்து கித்துள்கலை, அவிசாவளை வழியாக வளைந்து வளைந்து கட்டுநாயக்காவுக்கு வந்து சேரும் நேரத்தில் மூன்று தரம் சென்னைக்குப் பறந்துவிடலாம். விமானம் ஒன்றரை மணிக்கும் குறைவு. ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே ஸ்வெட்டரோடு பிறந்து வளர்ந்த உடம்பு, ஒரே நாளில் கடல்மட்டத்துக்கு இறங்குகிறது. வியர்வை மூவகைப்படும். அவற்றை விரிக்கின் பெருகும். வாசகர் மூக்கைப் பிடித்துக்கொள்வார் என்பதால் விடுகிறேன்.

முதல் நாளின் பெருந்துறை, "எந்த ஊர்?" என்ற வினா. எங்கள் பேச்சைக் கேட்டதும் சென்னைக்காரர் முதலில் தாமே விடை சொல்லிப் பார்க்கிறார். கேரளாவா? நாகர்கோவிலா? "சல்லி", "சீனி", "லேசு" என்ற மூன்று சொல் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கை என்று நாங்கள் ஒத்துக்கொண்ட பிறகு வரும் எதிரொலி, கேட்பவரின் வயதைப் பொறுத்து மாறும். ஐம்பத்தைந்து தாண்டியவர் என்றால் முகம் மலரும். இலங்கை வானொலி என்பார், பி.எச். அப்துல் ஹமீது என்பார், எழும்பூரில் ஒரு செருப்புக் கடைக்காரர் அவர் குரலிலேயே எங்களுக்கு விலை சொன்னார். நாற்பது வயசுக்காரர் குரலைத் தாழ்த்தி, "சண்டையில உங்க சைடு யாருக்காவது…" என்று கேட்டுப் பாதியில் நிறுத்துவார். முப்பதுக்குக் கீழே என்றால் லாஸ்லியா, இல்லாவிட்டால் எல்ல ரயில் பாலம். ஆட்டோக்காரர் மட்டும் எந்த வயதுக்கும் அடங்கார். 2022இல் தமிழ்நாடு நாற்பதாயிரம் டன் அரிசி அனுப்பியதை நினைவில் வைத்திருந்த ஒருவர், கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "நாங்க அனுப்புன அரிசி வந்துச்சா சார்?" என்று நேராகவே கேட்டார். வந்தது என்றோம். "நல்லா இருந்துச்சா?" நல்லா இருந்தது என்றோம். மீட்டருக்கு மேல் முப்பது ரூபாய் கேட்டார், கொடுத்தோம், கடன் தீர்ந்தது.

ஆனால் எல்லா வயதுக்கும் பொதுவான அடுத்த கேள்வி ஒன்று உண்டு: "யாழ்ப்பாணமா?" இல்லை என்றால் "கொழும்பா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவர் குழம்பிப்போவார், அவருடைய இலங்கையில் வேறு ஊர் இல்லை. மலையகம் என்று சொன்னால் மலேயா என்று கேட்கிறது. இந்தப் பிழைக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கிறது. அதே நான் இந்தியாவில் "இலங்கைத் தமிழர்". இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியேறியவர்கள் இன்றைக்கும் "சிலோன்காரர்". இப்படி நின்ற இடமெல்லாம் எதிர்மறை விகுதி ஏற்கும் பெயர்ச்சொல் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. இலக்கண ஆசிரியர்கள் கவனிக்கவில்லை.

இதற்குச் செயல்முறை விளக்கம் முதல் நாள் மாலையே கிடைத்தது. எழும்பூரில் ஒரு லாட்ஜ். மேனேஜர் எங்கள் கடவுச்சீட்டை விரித்துப் பார்த்து, "ஃபாரினர்ஸுக்கு ரூம் குடுக்கறதில்ல சார்" என்றார். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி படிவம் நிரப்பி அனுப்பவேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அவரிடம் ஆள் இல்லை. "தமிழ்தானே பேசுறோம் அண்ணே" என்றார் போன் கடை. மேனேஜர் கடவுச்சீட்டையும் எங்கள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு, "அதான் சார் எனக்கும் கஷ்டமா இருக்கு" என்றார். மூன்றாவது லாட்ஜில் சி படிவம் நிரப்பத் தெரிந்த பையன் இருந்தான். அவன் வாழ்க.

இனி மாந்தர் வகை. நண்பர்களை நடப்பவர், படுப்பவர், படம் எடுப்பவர் என்று பிரிப்பது பிறநாட்டார் மரபு. அது மேலோட்டமானது. என் ஆராய்ச்சியில் கண்டது வேறு. தோட்டத்தை விட்டு விலகி, படித்து, உத்தியோகம் பார்த்து, கடலும் கடந்து வந்த ஐந்து பேர், முதல் நாள் இரவு சாப்பாட்டுக்கும் இரண்டாம் நாள் விடியலுக்கும் இடையில், யாரும் சொல்லாமலே ஒரு முழுத் தோட்டமாக மாறிவிட்டார்கள்.

தொரை பிரதேச சபைக்காரர். பயணத்துக்கு யோசனை சொன்னது அவர்தான். அத்தோடு அவர் வேலை முடிந்தது. பை தூக்கமாட்டார், வரிசையில் நிற்கமாட்டார், சன்னல் பக்கம் உட்கார்ந்து "நாளைக்கு எங்க?" என்று கேட்பார். கங்காணி போன் கடை. கையில் வரைபடம், எப்போதும் பத்தடி முன்னால், திரும்பித் திரும்பி ஆள் எண்ணுவார். இடம் மாறிப் போய்விட்டால் குற்றம் வரைபடத்தின் மேல். வேன்காரர்தான் ஆள். தண்ணீர்ப் போத்தல் வாங்குவதும், டிக்கட் எடுப்பதும், எல்லாருக்கும் பேரம் பேசுவதும் அவர் தலையில். ஊரில் ஐவரில் அதிகம் சம்பாதிப்பவரும் அவரே. நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா. ரங்கநாதன் தெருவின் முனையில் ஐந்து பேருடைய பைகளையும் அணைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நின்றேன். தலையிடி என்றவருக்குப் பெனடோல் கொடுத்தேன்.

கணக்கப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். வங்கிக்காரர் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் செக்ரோல் போட்டார். நெடுக்கே நாள், குறுக்கே ஆள். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கங்காணி குளியல் வாளியைக் கவிழ்த்துத் தப்படித்து, லாட்ஜ் நடையில் ஆள் எடுக்கும் பெரட்டு வைத்தார். ஏழு மணிக்கு எழும்பிவந்த தொரைக்குக் கணக்கப்பிள்ளை தயங்காமல் அரைப்பேர் போட்டார். இங்கேதான் நுட்பம். தோட்டத்தில் அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம், அது தண்டனை. பயணத்தில் அன்றைய செலவைப் பேர்ப்படி பங்குபோட்டால் அரைப்பேர்க்காரன் பாதிதான் கட்டவேண்டும், அது சலுகை. தொரை இதை உடனே கண்டுகொண்டார். மூன்றாம் நாள் ஏழு மணிக்கு முன்னால் ஒருவரும் எழும்பவில்லை; கங்காணியும் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார்.

கணக்கப்பிள்ளையின் இரண்டாவது கண்டுபிடிப்பு நாணய மாற்று. இந்திய ரூபாயை மூன்றரையால் பெருக்குவது எல்லாரும் செய்வது. இட்லித் தட்டுக்கு முன்னால் உதடு அசைய நிற்பவன் இலங்கையன் என்று அறிக. இவர் அதற்கு மேலே ஒரு படி போனார். 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாய் ஆனது. ஆகவே எதையும் அதனால் வகுத்தால், பொருளின் விலை "பேர்" கணக்கில், அதாவது எத்தனை நாள் சம்பளம் என்று வரும். ஒரு சேலை மூன்று பேர். மெட்ரோ டிக்கட் கைக்காசுக்குள் அடங்கும். முதலில் சிரித்தோம். இரண்டாம் நாள் இரவு அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே அறை வாடகையை 2,700, 9,450 என்று மாற்றி, "ஏழு பேர்" என்றார். ஒரு ராத்திரிக்கு ஏழு பேர். ஐவரில் நாலு பேருடைய அம்மா கொழுந்து எடுத்தவர்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குக் குளிரூட்டியைப் பற்றிப் போர் நடக்கவில்லை.

கருப்பொருளில் தேத்தண்ணியே தலை. ஏனைய உணவு, மரம், புள் முதலியவற்றைத் தள்ளிவிடலாம். சென்னைத் தேத்தண்ணி ஸ்ட்ராங், லைட், சுக்கு, லெமன் என்றெல்லாம் வகைப்படும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கதி. அவர்களுடைய தூள் சிடிசி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. கொதித்த பாலுக்குள் விழுந்ததும் நிறத்தை அள்ளிக் கொட்டும். எங்கள் மலையில் பெரும்பாலும் பழைய ஓர்த்தடொக்ஸ் முறை. இலையை வாட்டி உருட்டிப் புளிக்கவைப்பது. அதில் நிறம் மெதுவாக இறங்கும், வாசம் முதலில் வரும். பால் அதைக் கொன்றுவிடும். அதனால்தான் நாங்கள் பிளேன்டீ குடிக்கிறவர்கள், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு.

இதைத் திருவல்லிக்கேணியில் ஒரு டீ மாஸ்டருக்கு விளங்கப்படுத்த வேன்காரர் முயன்றார். "அஞ்சு பிளேன்டீ." மாஸ்டர் யோசித்து, "பிளேன்னா… சர்க்கரை போடாமலா?" என்றார். "இல்ல, சீனி வேணும். பால் வேணாம்." "பால் வேணாமா?" மாஸ்டர் துணிப்பையைப் பிழிந்து டிகாஷன் ஊற்றி, ஐந்து கண்ணாடிக் கிளாஸை நீட்டும்போது அவர் முகத்தில் இருந்தது இரக்கம். ஐவருக்கும் வயிற்றில் புண் என்று நினைத்திருக்கவேண்டும். பக்கத்தில் நின்றவரிடம், "டாக்டர் சொல்லியிருப்பாங்க" என்றார். காசு கொடுக்கும்போது, "ஜிபே இல்லையா?" என்று இன்னொரு தரம் இரங்கினார்.

தோட்டம் என்ற சொல்லாட்சிக்கு ஒரு புறனடை. எழும்பூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி மெரினாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் "அரசினர் தோட்டம்". அரைத்தூக்கத்தில் இருந்த தொரை ஒலிபெருக்கியைக் கேட்டுத் திடுக்கிட்டு எழும்பி, "எந்த டிவிசன்?" என்றார். போயஸ் தோட்டத்திலும் கொழுந்து இல்லை. ஆங்கிலேயன் மரம் நட்டு வீடு கட்டிக் குடியிருந்த இடத்தையும் தோட்டம் என்கிறார்கள், அவன் எங்களை நட்ட இடத்தையும் தோட்டம் என்கிறார்கள்.

மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதி. 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர், அட்டனிலிருந்து கோச்சியில் கீழே போனால் வரும் ஊர். அவரோடு புதைத்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று நம்பி, வருகிறவர்கள் கல்லில் காதை வைத்துக் கேட்கிறார்கள். எங்கள் கங்காணியும் வெயிலில் சுட்ட கல்லில் காதை வைத்தார். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "கேக்குதா அண்ணே?" என்றாள்.

"கேக்குது. எங்க ஊர்க்காரருதானே."

"உங்க ஊரு எது?"

"நாவலப்பிட்டிக்குக் கொஞ்சம் மேல."

"அது எங்க, சேலம் பக்கமா?"

கங்காணி எழும்பி, காதைத் தடவிக்கொண்டே, "ஆமா" என்றார். முதல் மூன்று நாளில் எங்களில் ஒருவர் வெளிநாட்டவராக இல்லாமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

எஞ்சியது மூன்றாம் நாள் பிற்பகல். அதை உறவினர் துறை என்க. அது எல்லாப் பயணத்திலும் வரும். ஊரில் யாராவது ஒருவர் "அங்க போனா அவங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்று சொல்லியிருப்பார்கள். வேன்காரருடைய அத்தை அம்பத்தூரில் மகனோடு இருக்கிறார். எழுபதுகளில் போனவர். அட்டன் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒரே குரலில் அழுததால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்திருந்தது. அதில் தலைமன்னார், பிறகு கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், டான்டீயில், மறுபடியும் கொழுந்து.

எங்களைப் பார்த்ததும் அவர் யாழ்ப்பாணமா என்று கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்கவில்லை. "லயத்துக்குப் பின்னால பீலி இருந்திச்சே, அதுல இன்னும் தண்ணி வருதா?" என்று கேட்டார். வருகிறது, இப்போது பைப் போட்டிருக்கிறார்கள் என்றார் வேன்காரர். "பைப்பா?" என்று கொஞ்சம் யோசித்தார். பேரப்பிள்ளை அவர் "கோச்சி" என்று சொல்லும்போதெல்லாம் "ட்ரெயின் பாட்டி, ட்ரெயின்" என்று திருத்தினான். நாங்கள் அட்டனிலிருந்து கொண்டுபோன ஒரு கிலோ தேயிலைத்தூளைக் கொடுத்தோம். மோந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார். புறப்படும்போது அவரும் ஒரு பொட்டலம் நீட்டினார். டான்டீ.

இதை எவ்வகையில் சேர்ப்பது என்பதில் ஐவருக்குள் கருத்து வேறுபாடு. வெளிநாட்டுப் பொருள் என்றார் தொரை, சுங்கத்தில் காட்டவேண்டுமே என்று. எங்கள் ஆள் எடுத்த கொழுந்து, ஆகவே உள்நாட்டுப் பொருள் என்றார் கங்காணி. கணக்கப்பிள்ளை எத்தனை பேர் போடுவது என்று தெரியாமல் கொப்பியை மூடினார். குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வேன்காரர் லாட்ஜ் பையனிடம் பிளாஸ்க்கில் சுடுதண்ணி வாங்கி, குளியலறைக் கோப்பையிலேயே சாயம் ஊற்றினார். சீனி இல்லை. ஐவரும் முறை வைத்துக் குடித்தோம்.

"சாயம் இருக்கு" என்றார் தொரை. "வாசம் இல்ல."

வேன்காரர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"லாட்ஜ் தண்ணி அப்பிடி" என்றார்.